வண்டிக்கேற்ற ஆளா? ஆளுக்கேற்ற வண்டியா?



இவ்வாண்டு சுதந்திர தினத்தையொட்டி நம் பள்ளித் திடலில் நடைபெற்ற மிதிவண்டி அலங்காரப் போட்டியைக் கண்டு களித்தவர்கள் உங்களுள் பலர். முதற்பரிசு பெற்ற வண்டியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் தாத்தாவின் பழைய கறுப்பு மிதிவண்டியைக் கொண்டுவந்திருந்தான். 28 அங்குலச் சக்கரங்கள். கைப்பிடியில் தேசியக் கொடிகள், ஆரக்கம்பிகளுக்கிடையே வண்ணத்தாள், பின்னால் கேரியரில் செம்பருத்திப் பூக்கள். நடுவர்கள் மூவரும் மதிப்பெண்களை அதற்கே வாரி வழங்கினோம். ‘வழங்கினோம்’ என்று எழுதுவதற்குக் காரணம், அம்மூவருள் நானும் ஒருவன்.

பரிசு பெற அவனை அழைத்தபோது, வண்டியில் ஏறி ஓட்டிவருமாறு ஒலிபெருக்கியில் சொன்னேன். அவன் தள்ளிக்கொண்டு வந்தான். “ஏனப்பா, ஓட்டி வரலாமே?” என்றேன். “கால் எட்டாதுங்க ஐயா” என்றான். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அருகில் சென்று பார்த்தபோதுதான், முன்சக்கரப் பிரேக்கின் பிடியைச் சுற்றி நாடா இறுகக் கட்டப்பட்டிருப்பதையும், அதனை அழுத்தவே இயலாது என்பதையும் கண்டேன். மறுநாள் மாலை, அதே வண்டியை, அதே நாடாக்களுடன், நடுக்கம்பிக்குக் கீழே காலை நுழைத்து, செம்பனைக் காட்டுச் சாலையில் அவன் ஓட்டிச் சென்றதாக நம் பள்ளிக் காவலாளி என்னிடம் தெரிவித்தார். ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு ஆசிரியர்கள் வந்தபோது, வேறு எதைப்பற்றியும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

பழைய மிதிவண்டிகளுக்கு இப்பொழுது மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. ஜார்ஜ் டவுன் நகரம் 2008இல் உலக மரபுடைமை நகரமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின்னர், பழைய கடைவீடுகளைப் போலவே பழைய வண்டிகளும் தேடப்படும் பொருள்களாயின. 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் ஆர்மீனியன் தெருவில் ஒரு சுவரில் அக்காவும் தம்பியுமாக இரு குழந்தைகளை வரைந்து, அவர்கள் ஏறிச்செல்வதாக உண்மையான மிதிவண்டி ஒன்றையும் அச்சுவரில் பதித்து வைத்தார். அன்றிலிருந்து அதன்முன் நின்று படமெடுக்காத சுற்றுப்பயணி குறைவு. நானும் என் பேத்தியோடு அங்கு வரிசையில் நின்றவன்தான். நல்ல ஓவியம். ஆனால் அந்த வண்டி ஓடவேண்டியதில்லை. சுவரோடு நிற்கவேண்டியதே அதன் வேலை. நம் வீட்டு வண்டிகளுக்கு அந்த வசதி கிடையாது.

மிதிவண்டியை அழகுபடுத்துவது வீண்செயல் என்று சொல்ல நான் வரவில்லை. அழகை நாடுவது மனித இயல்பு. ஆனால் எந்த வண்டியையும் முதலில் அதை ஓட்டுகிறவரின் உடம்புக்குப் பொருத்தவேண்டும். அழகு அதன் பின்னரே வரவேண்டும். இவ்வரிசை மாறினால் பணமும் போகும், பல வேளைகளில் அழகும் போய்விடும். இதனை நான் அறிந்துகொண்டது என் சொந்தப் பிழையினால்.

என் தந்தையார் செபராங் பிறை நிலப்பகுதியில் ஒரு தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தார். அவரிடம் பழைய இங்கிலாந்து மிதிவண்டி ஒன்று இருந்தது. யாரோ ஒரு கிராணியிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கியது. அவர் நெடிய உருவத்தினர்; ஆகவே இருக்கையை உயர்த்தியிருந்தார். கைப்பிடியையும் அதற்கிணையாக மேலேற்றியிருந்தார். பால்வாளிகளைத் தாங்கும்பொருட்டுக் கேரியருக்குக் கீழே இரும்புப் பட்டை ஒன்றைத் தோட்டத்துக் கொல்லரிடம் கொடுத்துப் பொருத்தியிருந்தார். நடுக்கம்பியில் கோணிச்சாக்கை மடித்து, பழைய டியூபை நாடாவாக வெட்டி இறுகக் கட்டியிருந்தார். அதுதான் என் இருக்கை. பட்டர்வொர்த்தில் பெரிக் கப்பலேறி, தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலை வரையில் அந்தச் சாக்கின்மேல் அமர்ந்து நான் போயிருக்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட, பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது இடப்பக்கத்துப் பெடல்தான். அதன்மேல் ரப்பர் மரக்கட்டை ஒன்று திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கும். தந்தையாருக்கு இளமையில் இடக்கால் முறிந்து, சற்றுக் குட்டையாகக் கூடியிருந்தது. ஓர் அங்குலக் கட்டை அக்குறையை நிரப்பியது. நடக்கும்போது சாய்ந்து நடப்பவர், அவ்வண்டியில் ஏறிவிட்டால் நிமிர்ந்து, எவருக்கும் பின்வாங்காமல் போவார். சிறுவனாகிய எனக்கு அக்கட்டை வெட்கத்தைத் தந்தது. நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் வண்டியின் இடப்பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைப்பேன். இதை எழுதுவதற்கு இப்பொழுதும் கை தயங்குகிறது.

தந்தையார் மறைந்து நெடுநாள் கழித்து, ஆறு ஆண்டுகளுக்கு முன், அவ்வண்டியைப் புதுப்பித்து ஓட்டவேண்டும் என்னும் ஆசை எனக்கு எழுந்தது. பட்டணத்தில் ஒரு கடையில் கொண்டுபோய் ஒப்படைத்தேன். “அழகாக இருக்கவேண்டும்” என்பது ஒன்றே நான் சொன்ன சொல். ஒரு மாதத்தில் அழகாகவே திரும்பி வந்தது. பளபளக்கும் புதுப் பச்சை வண்ணம், தாழ்ந்து வளைந்த பந்தயக் கைப்பிடி, குறுகிய தோல் இருக்கை, வெண்ணிற டயர். இரண்டு மைல் ஓட்டுவதற்குள் உள்ளங்கைகள் மரத்துவிட்டன. கழுத்தும் முதுகும் அன்றிரவு முழுவதும் வலித்தன. என் அன்னையார் வாசலில் நின்று அவ்வண்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். பிறகு, “கட்டை எங்கப்பா?” என்று கேட்டார்.

கட்டையைக் கடைக்காரர் குப்பையில் போட்டுவிட்டார். அவரைக் குறைகூற எனக்கு வாயில்லை. நான் அதை வைக்கச் சொல்லவில்லை. பச்சை வண்ணத்தின் கீழே, கோணிச்சாக்குக் கட்டிய நாடாக்கள் தேய்த்த தழும்பும் மறைந்துபோயிற்று.

பின்னர் நம் தோட்டத்தை அடுத்த சிறுபட்டணத்தில், தொழிலைக் கிட்டத்தட்ட விட்டுவிட்ட ஒரு சீன முதியவரிடம் அவ்வண்டியைக் காட்டினேன். அவர் வண்டியைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்தார். ஏறி உட்காரச் சொன்னார், இறங்கச் சொன்னார், மறுபடி ஏறச் சொன்னார். அன்று ஒரு மாலைப்பொழுதில் அவர் எனக்குக் கற்றுத்தந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, இருக்கையின் உயரம். வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, வழக்கமாக அணியும் காலணியோடு ஏறி அமருங்கள். பெடல் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். அப்பொழுது பாதத்தின் முற்பகுதியால் மிதித்தால் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். அதுவே சரியான அளவு. இருக்கை தாழ்ந்தால் முழங்கால் நோகும்; உயர்ந்தால் இடுப்பு இப்புறமும் அப்புறமும் ஆடும். புதிதாகப் பழகும் குழந்தைகளுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. அவர்களுக்கு இரண்டு பாதமும் தரையில் படியவேண்டும். பழகப் பழகச் சிறிது சிறிதாக உயர்த்தலாம். எவ்வளவு உயர்த்தினாலும் இருக்கையின் தண்டு சட்டத்திற்குள் இரண்டரை அங்குலமாவது இருக்கட்டும்; வெளியே இழுத்துக்கொண்டே போனால் ஒருநாள் முறியும்.

அடுத்தது, கைப்பிடியும் இருக்கையும் இணைபிரியாதவை என்பது. என் வண்டி எனக்குப் பகையானதன் இரகசியம் இதில்தான் இருந்தது. அந்தக் காலத்து ராலே, ரட்ஜ், ஹம்பர், ஹெர்குலிஸ் வண்டிகள் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. நிமிர்ந்து உட்கார்ந்தால் உடம்பின் எடை முழுவதும் பிட்டத்தில் இறங்கும். அதனால் அகன்ற இருக்கையும் அடியில் சுருள்வில்லும் வேண்டும். குனிந்து ஓட்டும் பந்தய வண்டியில் எடையின் ஒரு பங்கு கைகளுக்கும் மற்றொரு பங்கு கால்களுக்கும் போகிறது; அதற்குக் குறுகிய இருக்கை போதும். ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றவேண்டும். நிமிர்ந்தோட்டும் வண்டியின் நீண்ட சட்டத்தில் பந்தயக் கைப்பிடியைப் பூட்டியதால், நான் எட்டிப் பிடிக்கவேண்டிய தூரம் மேலும் அதிகமாகிவிட்டது. முதியவர் பழைய கைப்பிடியைப் போன்ற ஒன்றைத் தம் பரணிலிருந்து எடுத்து, இருக்கைக்குச் சற்று மேலாக நிறுத்தினார். அவ்வளவுதான். உள்ளங்கை மரத்தல் நின்றது.

தோல் இருக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. பர்மிங்ஹாம் நகரத்து புரூக்ஸ் நிறுவனம் 1866இல் தோன்றியது. அதன் இருக்கைகளை இன்றும் விரும்பி வாங்குகிறார்கள். தடித்த தோல், ஓட்டுபவரின் எலும்புக்கேற்பப் பையப்பையத் தானே குழிந்து கொடுக்கும். ஆதலால், ஒருவருக்குப் பழகிய தோல் இருக்கை மற்றொருவருக்கு எளிதில் பொருந்தாது. மழையில் நனைந்த தோலின்மேல் அமர்ந்து ஓட்டினால் அது தொய்ந்து கெட்டுவிடும். நம் ஊர் மழைக்கு, இருக்கைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையைச் செருகி வைத்திருப்பவரே அறிவாளி.

மழையைச் சொன்னதும் பிரேக்கு நினைவுக்கு வருகிறது. பழைய வண்டிகளில் கம்பித் தண்டினால் இயங்கும் பிரேக்கு, இரும்புச் சக்கரத்தின் உள்விளிம்பை அழுத்தி நிறுத்துகிறது. காய்ந்திருக்கும்போது அது போதும். முலாம் பூசிய இரும்பு விளிம்பு நனைந்துவிட்டால் கட்டை வழுக்கும். நிற்கவேண்டிய தூரம் பன்மடங்கு நீளும். ஆகவே மழையில் முன்கூட்டியே மெல்ல அழுத்தத் தொடங்கவேண்டும். பார்வைக்காக வேறு வகை விளிம்புகளை மாட்டினால், இந்தப் பிரேக்கு அவற்றில் சரியாகப் படியாது. பெடல் தண்டைப் பிணைக்கும் ஆப்பு தளர்ந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் காலடியில் ‘டக்’ என்று ஒரு தட்டுத் தெரியும். அத்தட்டை அலட்சியம் செய்யாதீர்கள்.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கணக்கு. முன்பல்சக்கரத்தில் 48 பற்கள், பின்னதில் 18 பற்கள். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். பெடலை ஒரு முறை சுற்றினால் வண்டி எவ்வளவு தூரம் போகும்? 6 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பின்பல்சக்கரத்தை 22 பற்களுடையதாக மாற்றினால் 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தூரம் குறைந்தால் மிதிப்பு இலேசாகும். மேடேறும்போது மூச்சுவாங்கும் பெரியவர்களுக்கு இந்த மாற்றம் செலவு குறைந்த பெரும் நன்மை. முதியவர் எனக்கும் அதையே செய்தார். வெளியிலிருந்து பார்த்தால் எவருக்கும் வித்தியாசம் தெரியாது.

உடம்புக்காக ஒரு வண்டியைத் திருத்துவது சிறிய காரியம் என்று நினைப்போருக்கு ஒன்று சொல்வேன். பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் இருந்தார். அவருடைய மகனின் மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தெருவில் குலுங்கியது. 1887இல் அவர் மெல்லிய ரப்பர்க் குழாயில் காற்றடைத்து அதன் சக்கரங்களில் சுற்றினார். 1888இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இதே எண்ணத்திற்கு 1845இலேயே தாம்சன் என்பவர் உரிமை பெற்றிருந்தார் என்பது பின்னர்த் தெரியவந்தது. அது வேறு கதை. டன்லப்பின் டயர் மிதிவண்டிகளில் ஏறிற்று. பிறகு மோட்டார் வண்டிகள் பெருகின. உலகம் ரப்பருக்காக ஏங்கியது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த சில ரப்பர் நாற்றுகளின் வழித்தோன்றல்கள் மலாயாக் காடுகளை நிறைத்தன. அதுவரையில் கரும்பு விளைந்த நம் செபராங் பிறைத் தோட்டங்களிலும் ரப்பர் வந்தது. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் வாளியேந்தி நின்ற மரங்களுக்கும், ஒரு சிறுவனின் வண்டி குலுங்கியதற்கும் இவ்வளவு நெருங்கிய தொடர்பு உண்டு.

தமிழகத்திலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். கல்லுடைப்பவர், பூ விற்பவர், தாதியர் எனப் பலரும் அவர்களுள் இருந்தனர். பெண்களுக்கென்று செய்யப்பட்ட, நடுக்கம்பி தாழ்ந்த வண்டிகள் போதுமானவையாகக் கிடைக்கவில்லை. ஆண்களின் வண்டியிலேயே அவர்கள் ஓட்டினர். பலர் அதையே விரும்பவும் செய்தனர். ஏன் தெரியுமா? நடுக்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் அல்லவா! எது தமக்குப் பொருந்தும் என்பதை ஓட்டியவர்களே முடிவு செய்தார்கள். என் தந்தையாரின் கோணிச்சாக்கை நான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதே நடுக்கம்பிக்கு அடியில் காலை நுழைத்துச் சிறுவர் ஓட்டுவது வேறு. தமிழகத்தில் அதனைக் ‘குரங்குப் பெடல்’ என்பர். 2024இல் அப்பெயரில் ஒரு திரைப்படமே வந்தது. நாங்களும் அப்படித்தான் பழகினோம், என் முழங்காலில் தழும்பும் இருக்கிறது. பழைய நினைவாக அது இனிக்கும். ஆனால் அன்று எங்களுக்கு வேறு வண்டி இல்லை. எங்கள் தோட்டத்துச் சாலையில் லாரியும் இல்லை. இன்று, “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று பெற்றோர் பெரிய வண்டியை வாங்கிக் கொடுக்கிறார்கள். சட்டையைப் பெரிதாகத் தைக்கலாம். பிரேக்கை அப்படித் தைக்க முடியாது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், மாணவனின் பாதம் தரையில் படியும்படி நாற்காலி அமையவேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். அசையாத நாற்காலிக்கே அவ்விதி என்றால் ஓடும் வண்டிக்கு என்ன சொல்வது? ஒன்பது வயதுப் பிள்ளைக்கு, உயரத்தைப் பொறுத்து, 20 அல்லது 24 அங்குலச் சக்கரம் போதும்.

இதற்கு நேரெதிரான கேடும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் கடமை தவறியவனாவேன். ‘பாசிகால் லாஜாக்’ என்று சிறுவர்கள் பெருமையோடு சொல்லும் வண்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இருக்கையையும் கைப்பிடியையும் முடிந்தமட்டும் தாழ்த்தி, பிரேக்கைக் கழற்றியெறிந்து, வண்டியின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு விரைகிறார்கள். உடம்புக்கு வண்டியைப் பொருத்தாமல், வண்டியின் தோற்றத்துக்கு உடம்பை வளைக்கும் செயல் இது. 2017 பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலை, ஜொகூர் பாருவின் ஜாலான் லிங்காரான் டாலாம் சாலையில் இத்தகைய வண்டிகளில் சென்ற சிறுவர்கள்மீது கார் மோதியதில், 13 முதல் 16 வயது வரையிலான எட்டுப் பேர் மாண்டனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காரோட்டியை விடுவித்தது. குற்றம் எவருடையது என்று நாடே விவாதித்தது. அவ்விவாதத்தில் புக எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவ்வண்டிகளை மாற்றியமைத்தபோது, வீட்டிலோ பட்டறையிலோ அருகில் ஒரு பெரியவர் இருந்து, திருப்புளியைக் கையில் வாங்கி, “இதைக் கழற்றாதே, இதை இப்படி முடுக்கு” என்று காட்டியிருந்தால் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. நம் பிள்ளைகளும் பட்டணத்துக்குப் போகிறவர்கள்தாம்.

அழகைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து உண்டு. அது பழைமையானது என்று இளைஞர்கள் சிரிக்கலாம். மலாக்காவின் மூன்று சக்கரப் பெச்சாக்கள் பூவும் பொம்மையும் பாட்டும் விளக்குமாக வருகின்றன. பயணியை முன்னால் உட்காரவைத்து, ஓட்டுபவர் பின்னாலிருந்து மிதிக்கும் நம் பினாங்குப் பெச்சா அவ்வளவு ஆரவாரம் உடையதன்று. எனக்கு நம்முடையதே பிடிக்கும். முன்பு ஜார்ஜ் டவுன் தெருக்களில் ரொட்டி விற்ற நம் தமிழ் முஸ்லிம் அன்பர்களின் வண்டிகளை நினைத்துப்பாருங்கள். பின்னால் தகரப்பெட்டி, அதன் எடைக்கேற்ற அகன்ற ஸ்டாண்டு, கைக்கெட்டும் இடத்தில் மணி. எதுவும் அலங்காரத்துக்காக வைத்ததன்று. ஆயினும் எவ்வளவு அழகு!

பழைய வண்டிக்குப் புது வண்ணம் பூச அவசரப்படாதீர்கள். மங்கிய கறுப்பு வண்ணத்தையும் அதன் பொன்னிறக் கோடுகளையும் மெல்லிய துணியால் எண்ணெய் தொட்டுத் துடைத்தாலே பாதி உயிர் வந்துவிடும். கடற்காற்றில் துருவேறிய முலாம் பகுதிகளை, தண்ணீரில் நனைத்த அலுமினியத் தாளைக் கசக்கித் தேய்த்தால் வியக்கத்தக்க அளவு பளிச்சிடும். சக்கரக் குடத்தில் தோல் வளையம் ஒன்றை மாட்டிவிட்டால், ஓடும்போதே அது குடத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும். வண்ணக் குஞ்சமும் வைத்துக்கொள்ளலாம். கொடி கட்டுங்கள், பூ வையுங்கள். பிரேக்குப் பிடி, மணி, விளக்கு, சங்கிலி இந்நான்கின் அருகே மட்டும் நாடாவோ துணியோ வரவேண்டா. வண்டியைத் தந்தவர் தம் கையால் செய்த ஏதேனும் அதில் இருந்தால், அதைக் கழற்றுமுன் வீட்டில் மூத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்த ஆண்டுப் போட்டிக்குரிய மதிப்பெண் முறையை மாற்றுமாறு ஆசிரியர் கூட்டத்தில் வேண்டியிருக்கிறேன். நூற்றில் ஐம்பது, வண்டி ஓட்டுபவருக்குப் பொருந்துகிறதா, பிரேக்கு பிடிக்கிறதா என்பதற்கு; மீதி ஐம்பது அலங்காரத்துக்கு. ஒவ்வொருவரும் தம் வண்டியைத் திடலில் ஒரு சுற்று ஓட்டிக்காட்டி, கோட்டில் நிறுத்தவேண்டும். சில ஆசிரியர்களுக்கு இதில் உடன்பாடில்லை. “குழந்தைகளின் கற்பனைக்குக் கடிவாளம் போடுகிறீர்கள்” என்றார் ஒருவர். அவர் சொல்வதிலும் உண்மை உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் உங்கள் கருத்தையும் கேட்டறிய விரும்புகிறேன்.

முதற்பரிசு பெற்ற மாணவனின் தாத்தாவைச் சென்று கண்டேன். இப்பொழுது அவ்வண்டியை அவரே ஓட்டுகிறார். பேரனுக்கு, அவன் பெரியம்மா மகன் ஓட்டி விட்ட 20 அங்குல வண்டி ஒன்று கிடைத்திருக்கிறது. அதற்குப் பின்பிரேக்குக் கட்டை தேய்ந்திருந்தது, மாற்றிவிட்டோம்.

பள்ளி திறந்த முதல் சனிக்கிழமை காலை 8 மணி முதல், பூப்பந்து மைதானத்தின் பக்கத்துக் கொட்டகையில் திருப்புளியோடும் எண்ணெய்க் குப்பியோடும் நான் இருப்பேன். வண்டியைக் கொண்டுவருபவர்கள் வழக்கமாக அணியும் காலணியைப் போட்டுக்கொண்டு வரவேண்டும். பெரியவர்களும் வரலாம். என் அன்னையார் சொன்ன அளவை வைத்து ரப்பர் மரத்தில் பெடல் கட்டைகள் நான்கு செய்து வைத்திருக்கிறேன். ஒன்று என் வண்டியில் இருக்கிறது. எனக்கு இரண்டு காலும் ஒரே அளவுதான் என்பதால் ஓட்டும்போது கழற்றிவிடுவேன். மற்ற மூன்றும் தேவைப்படுவோருக்கு.